பாராளுமன்றமும் எங்கள் வாக்கும்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய வாசிகசாலைக்குப் பின்னேரங்களில் பேப்பர் பார்க்க வருபவர்கள், தேர்தல் கதை வந்தால் என் பக்கம் கதிரையைத் திருப்பிவிடுவார்கள். படிப்பித்த காலத்தில் பல தேர்தல்களுக்கு வாக்களிப்பு நிலையக் கடமைக்கும் வாக்கெண்ணும் கடமைக்கும் போய்வந்தவன் நான். அங்கே கேட்ட கேள்விகளைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். உதாரணங்களுக்கு 2024 நவம்பர் 14 அன்று நடந்த பாராளுமன்றத் தேர்தலை எடுத்திருக்கிறேன்.

225 பேர் எண்டு சொல்லுகினம். அந்தக் கணக்கு எப்படி வந்தது?

196 பேர் மாவட்டங்களில் எங்கள் வாக்கால் தெரிவாகிறார்கள். மீதி 29 பேர் கட்சிகள் கொடுக்கும் தேசியப் பட்டியலால் வருகிறார்கள். நாடு 22 தேர்தல் மாவட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நிர்வாக மாவட்டங்கள் 25. இந்த இரண்டையும் ஒன்றென்று நினைக்கக்கூடாது. யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் கிளிநொச்சியும் அடக்கம். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மூன்றும் சேர்ந்து வன்னித் தேர்தல் மாவட்டம்.

196இல் 160 ஆசனங்கள் வாக்காளர் தொகைக்கு ஏற்றபடி பகிரப்படுகின்றன. மற்ற 36உம் மாகாணத்துக்கு 4 என்று 9 மாகாணங்களுக்கும் சமமாகக் கொடுக்கப்படுகின்றன. இந்த 36ஐப் பற்றி ஆட்களுக்குப் பெரிதாகத் தெரியாது. ஆனால் வடக்குக்கு அது முக்கியம். 2024இல் யாழ்ப்பாணத்தில் 593,187 வாக்காளர்கள் இருந்தார்கள், வன்னியில் 3 இலட்சம் சொச்சம் பேர். இரண்டுக்கும் 6 ஆசனம். வடக்குக்குக் கிடைக்கும் 4இல் பெரும்பங்கு வன்னிக்குப் போவதால்தான் அப்படி. பரந்த நிலத்தில் கொஞ்சச் சனம் சிதறி வாழும் இடத்துக்கும் குரல் வேண்டும் என்பதே அதன் நோக்கம். எனக்கு அது நியாயமாகவே படுகிறது.

முந்தி எங்களுக்கு 9 ஆசனம் இருந்தது. இப்ப ஏன் 6?

2010இல் 9. 2015இலும் 2020இலும் 7. 2024இல் 6. வாக்காளர் இடாப்பில் எங்கள் தொகை மற்ற மாவட்டங்களோடு ஒப்பிடுகையில் குறையக் குறைய, 160இல் எங்கள் பங்கும் குறைகிறது. 2024இல் எங்களுக்கு ஒன்று குறைந்தபோது கம்பஹாவுக்கு ஒன்று கூடி 19 ஆனது. போரும் இடம்பெயர்வும் வெளிநாட்டுப் பயணமும் வெறுமையாக்கிய வீடுகளின் கணக்கு அது. எங்கள் ஒழுங்கையிலேயே ஏழு வீடுகளில் மூன்று பூட்டிக் கிடக்கின்றன. ஒரு வீட்டுப் படலையைக் கொடி மூடிவிட்டது.

ஆசனத் தொகை ஒவ்வொரு முறையும் இடாப்பைப் பார்த்தே தீர்மானிக்கப்படுகிறது. ஆகவே, ஊரில் இருந்துகொண்டே பெயர் பதியாமல் விடும் ஒவ்வொருவராலும் இந்தக் கணக்கு இன்னும் சுருங்கும்.

முந்தி எங்கட தொகுதிக்கு எண்டு ஒரு எம்.பி. இருந்தார். இப்ப ஆர் எங்கட எம்.பி.?

1977 வரை தொகுதிக்கு ஒருவர் என்ற முறை இருந்தது. ஊர்காவற்றுறை, வட்டுக்கோட்டை, காங்கேசன்துறை, மானிப்பாய், கோப்பாய், உடுப்பிட்டி, பருத்தித்துறை, சாவகச்சேரி, நல்லூர், யாழ்ப்பாணம், கிளிநொச்சி என்று இந்த 11 பெயர்களும் இன்றைக்கும் இருக்கின்றன. ஆனால் முடிவுகளைத் தொகுதிவாரியாக அறிவிப்பதற்கு மட்டுமே இப்போது அவை பயன்படுகின்றன.

பழைய முறையில் ஒரு பெரிய கோளாறு இருந்தது. 1977இல் ஐக்கிய தேசியக் கட்சி பாதியைச் சற்றுத் தாண்டிய வாக்குகளோடு 168இல் 140 ஆசனங்களை எடுத்தது. ஏறத்தாழ 30 சதவீத வாக்குகளை எடுத்த சுதந்திரக் கட்சிக்குக் கிடைத்தவை வெறும் 8. வடக்குக் கிழக்கில் 18 ஆசனங்களை வென்ற தமிழர் விடுதலைக் கூட்டணியின் அ. அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானது அந்தக் கணக்கில்தான். 1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. அந்த முறையில் முதற் பொதுத்தேர்தல் 1989இல் நடந்தது.

இப்போது மாவட்டத்தில் தெரிவான ஆறு பேருமே உங்கள் எம்.பி.க்கள்தான். நீங்கள் வாக்களிக்காத கட்சிக்காரரிடமும் உரிமையோடு போய்ப் பேசலாம்.

63 ஆயிரம் எடுத்த கட்சிக்கும் ஒண்டு, 27 ஆயிரம் எடுத்த குழுவுக்கும் ஒண்டு. இது என்ன நீதி மாஸ்டர்?

வாசிகசாலையில் அதிகம் சூடான கேள்வி இது. ஒரு கொப்பித் தாளில் போட்டுக் காட்டினால் விளங்கும்.

2024இல் யாழ்ப்பாணத்தில் செல்லுபடியான வாக்குகள் 325,312. முதல் நான்கு பட்டியல்கள் இவை: தேசிய மக்கள் சக்தி 80,830. இலங்கைத் தமிழரசுக் கட்சி 63,327. அகில இலங்கைத் தமிழ்க் காங்கிரஸ் 27,986. 17ஆம் இலக்கச் சுயேச்சைக் குழு 27,855.

முதலாவதாக, அதிக வாக்கு எடுத்த பட்டியலுக்கு ஒரு போனஸ் ஆசனம். ஒரே ஒரு வாக்கால் முந்தினாலும் அது கிடைக்கும். அது தேசிய மக்கள் சக்திக்குப் போனது. மீதி 5 ஆசனம்.

அடுத்தது வெட்டுப்புள்ளி. செல்லுபடியான வாக்குகளில் 5 சதவீதம், அதாவது 16 ஆயிரத்து இருநூற்றுச் சொச்சம் எடுக்காத பட்டியல்கள் எல்லாம் கணக்கிலிருந்து வெளியே போய்விடும். போட்டியிட்ட 44 பட்டியல்களில் ஆறுதான் மிஞ்சின. அந்த ஆறும் எடுத்த வாக்குகளைக் கூட்டி, மீதியிருக்கும் 5 ஆசனங்களால் பிரித்தால் 48 ஆயிரம் சொச்சம் வரும். இதுதான் ஓர் ஆசனத்தின் விலை.

அந்த விலையை முழுதாகக் கொடுக்கக்கூடியவர்கள் இரண்டு பேர்தான். தேசிய மக்கள் சக்தி ஒன்றை எடுத்தது, கையில் மீதி சுமார் 32,800. தமிழரசுக் கட்சி ஒன்றை எடுத்தது, மீதி சுமார் 15,300. இன்னும் 3 ஆசனம் கிடக்கிறது. அவை யாரிடம் மீதி கூடவோ அவர்களுக்கு வரிசையாகப் போகும். 32,800 வைத்திருந்த தேசிய மக்கள் சக்திக்கு ஒன்று, 27,986க்கு ஒன்று, 27,855க்கு ஒன்று. முடிந்தது. தேசிய மக்கள் சக்தி 3, மற்ற மூன்று பட்டியல்களுக்கும் ஒவ்வொன்று. தமிழரசுக் கட்சியின் 15,300க்கு இடமில்லை. வெட்டுப்புள்ளியைத் தாண்டிய மற்ற இரண்டு பட்டியல்களுக்கும் இடமில்லை.

இது நீதியா என்று கேட்டால், பிழை சூத்திரத்தில் மட்டும் இல்லை என்பேன். 6 ஆசனத்துக்கு 44 பட்டியல்கள், 396 வேட்பாளர்கள். வெட்டுப்புள்ளிக்குக் கீழே போன 38 பட்டியல்களுக்கும் விழுந்தவை ஏறத்தாழ 85 ஆயிரம் வாக்குகள். அது முதலாவதாக வந்த பட்டியலின் வாக்கை விடக் கூட. யாருக்கு வாக்களிப்பது என்பது உங்கள் விருப்பம். பட்டியல் பெருகப் பெருக வாக்கு எங்கே போகிறது என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஒரு பட்டியலில் ஏன் 9 பேர்?

ஆசனத் தொகையோடு 3ஐக் கூட்ட வேண்டும் என்பது சட்டம். 6 ஆசனம், ஆகவே 9 பேர்.

விருப்பு வாக்கு எண்டால் என்ன? போடாமல் விடலாமோ?

முதலில் கட்சிக்கு அல்லது சுயேச்சைக் குழுவுக்குப் புள்ளடி (X) போடுகிறோம். அதன் பிறகு அதே பட்டியலில் விரும்பிய மூன்று பேர் வரைக்கும், அவர்களின் இலக்கங்களுக்கு மேல் புள்ளடி போடலாம். கட்சிக்கு எத்தனை ஆசனம் என்பதைக் கட்சி வாக்கு தீர்மானிக்கும். அந்த ஆசனத்தில் இருக்கப்போவது யார் என்பதை விருப்பு வாக்கு தீர்மானிக்கும். போடாமல் விட்டாலும் கட்சி வாக்குச் செல்லும். ஆனால் ஆளைத் தெரிவுசெய்யும் உரிமையை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு வந்ததாகிவிடும்.

செல்லாத வாக்கு இவ்வளவு ஏன் வருது?

இந்தக் கேள்வியை யாராவது கேட்க வேண்டும் என்று நான் காத்துக்கொண்டிருப்பேன்.

2024இல் யாழ்ப்பாணத்தில் வாக்களித்தவர்கள் 358,079 பேர். அதில் 32,767 வாக்குகள் நிராகரிக்கப்பட்டன. ஏறத்தாழ பதினொரு பேரில் ஒருவர். மேலே உள்ள கணக்கைத் திரும்பப் பாருங்கள். 27,855 வாக்குகளோடு ஒரு பட்டியல் ஆசனம் பெற்றது. நாங்கள் செல்லாமல் ஆக்கியது அதைவிட ஏறத்தாழ ஐயாயிரம் கூட. வரிசையில் நின்று, அடையாள அட்டையைக் காட்டி, விரலில் மை பூசிக்கொண்டு வந்தவர்களின் வாக்கு அது.

வாக்கெண்ணும் மண்டபத்தில் இந்தச் சீட்டுகள் தனியாக ஒரு குவியலாகச் சேரும். நான் இருந்த மேசைகளில் பார்த்ததைச் சொல்கிறேன். சிலது வெறும் தாள். சிலதில் கோபத்தில் எழுதிய வசனம். அவை வேண்டுமென்றே செய்தவை, அவரவர் எதிர்ப்பு. என் நெஞ்சில் தைத்தவை மற்றவை. ஒரு சீட்டில் மேலே எந்தச் சின்னத்துக்கும் புள்ளடி இல்லை. கீழே வேட்பாளர் இலக்கங்களில் மூன்று புள்ளடிகள், அச்சடித்ததுபோல் நேராக, கவனமாகப் போட்டவை. மூன்று பேரை நினைவில் வைத்துக்கொண்டு வந்த மனிதர் கட்சியை மறந்துவிட்டார். கட்சி வாக்கு இல்லாவிட்டால் விருப்பு வாக்கும் இல்லை. இன்னொன்றில் இரண்டு சின்னங்களுக்குப் புள்ளடி. இன்னொன்றில் இரண்டு கட்டங்களின் நடுக்கோட்டில் நடுங்கிய கையால் போட்ட புள்ளடி. அது யாருக்கென்று எவராலும் சொல்ல முடியவில்லை. எல்லாரும் ஒருதரம் குனிந்து பார்த்தோம், பிறகு அது அந்தக் குவியலுக்குப் போனது.

ஜனாதிபதித் தேர்தலில் 1, 2, 3 என்று எண் போட்டு விருப்பைக் காட்டலாம். பாராளுமன்றத் தேர்தலுக்குப் புள்ளடி மட்டும்தான். 2024இல் இரண்டு தேர்தலும் இரண்டு மாதத்துக்குள் வந்தபோது இந்தக் குழப்பமும் சேர்ந்துகொண்டது. விருப்பு வாக்கு மூன்றுக்கு மேல் போட்டால் கட்சி வாக்குச் செல்லும், விருப்பு வாக்குகள் மட்டும் கணக்கில் சேராது.

வாக்களிப்பு நிலையத்தில் ஓர் அம்மா சீட்டை விரித்துப் பிடித்துக்கொண்டு, “தம்பி, இதிலை எங்கை புள்ளடி போடுறது?” என்று என்னைக் கேட்டார். பொதுவான முறையைச் சொல்லலாம், சின்னத்தைக் காட்ட முடியாது. சொன்னேன். அவர் மறைப்புக்குப் பின்னால் நெடுநேரம் நின்றார். வெளியே வந்தபோது சீட்டை நாலாக மடித்துப் பெட்டியில் போட்டார். அந்த வாக்குச் சென்றதோ தெரியாது. அதனால்தான் தேர்தலுக்கு முதல் வாரத்தில் மாதிரிச் சீட்டொன்றைக் கையால் வரைந்து வாசிகசாலையில் வைக்கிறோம். ஒருதரம் பேனையால் போட்டுப் பார்த்தவர்களுக்கு அங்கே போனால் கை தடுமாறாது. பார்வைக் குறைபாடோ வேறு உடற் குறைபாடோ உள்ளவர்கள் உரிய சான்றோடு ஒருவரைத் துணைக்குக் கூட்டிப் போகவும் சட்டத்தில் இடமுண்டு.

தேசியப் பட்டியல் ஆர் கையில்?

29 ஆசனங்களும் நாடு முழுவதும் எடுத்த வாக்கு விகிதப்படி பகிரப்படும். ஆளைத் தெரிவுசெய்வது கட்சி. 2024இல் தேசிய மக்கள் சக்திக்கு 18, ஐக்கிய மக்கள் சக்திக்கு 5, தமிழரசுக் கட்சிக்கு 1 கிடைத்தன. படித்தவர்களையும் தேர்தல் களத்தில் இறங்க வசதியில்லாதவர்களையும் கொண்டுவரத்தான் இந்த வழி. தோற்றவர்களைப் பின்கதவால் ஏற்ற அதைப் பயன்படுத்துவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன்.

அங்கை போய் என்ன செய்கினம்? ரீவியிலை சண்டைதானே தெரியுது.

சண்டையைத்தான் காட்டுகிறார்கள். ஸ்ரீ ஜயவர்தனபுரக் கோட்டேயில், தியவன்னா ஓயாவின் நடுவில் இருக்கும் அந்தக் கட்டடத்தில் மூன்று வேலைகள் நடக்கின்றன. சட்டம் இயற்றுவது, அரசின் காசுக்கு அனுமதி கொடுப்பது, அரசைக் கேள்வி கேட்பது.

வரவு செலவுத் திட்டம் தோற்றால் அமைச்சரவையே கலைந்துவிடும். அதனால்தான் அந்த வாக்கெடுப்புக்கு அவ்வளவு முக்கியம். கேள்வி கேட்பதற்கு வாய்மூல வினாக்கள், 27/2 நிலையியற் கட்டளையின் கீழ்க் கட்சித் தலைவர்கள் எழுப்பும் கேள்விகள், ஒத்திவைப்பு வேளைப் பிரேரணை என்று பல வழிகள் உண்டு. அரச நிறுவனங்களின் கணக்கைக் கிண்டும் கோப் குழுவும் கோபா குழுவும் சபையை விடப் பிரயோசனமான வேலையைச் செய்வதுண்டு. உங்கள் எம்.பி. எந்தக் குழுவில் இருக்கிறார், அங்கே என்ன கேட்டார் என்று விசாரியுங்கள். கையை உயர்த்திப் பேசும் காணொளியை விட அது நல்ல அளவுகோல்.

ஒரு சட்டம் எங்களுக்குப் பாதகம் எண்டால் கோட்டுக்குப் போகலாமோ?

போகலாம், ஆனால் நேரத்தோடு. இந்தியச் செய்திகளைப் பார்த்துப் பழகியவர்கள் இதில் ஏமாறுவார்கள். இந்தியாவில் சட்டம் வந்த பிறகும் நீதிமன்றம் அதைச் செல்லாது என்று சொல்லலாம். இலங்கையில் சட்டமாகி முடிந்தபின் அதன் செல்லுபடியை எந்த நீதிமன்றத்திலும் கேள்விக்குட்படுத்த முடியாது.

சட்டமூலம் முதலில் வர்த்தமானியில் வரும், பிறகு சபையின் ஒழுங்குப் பத்திரத்தில் சேரும். அதற்குப் பின்வரும் சில நாட்களுக்குள் எந்தப் பிரசையும் உயர் நீதிமன்றத்தில் மனுப் போடலாம். நீதிமன்றம் மூன்று வாரத்துக்குள் தன் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். சாதாரண பெரும்பான்மை போதுமா, மூன்றில் இரண்டு, அதாவது 150 பேர் வேண்டுமா, அதோடு மக்கள் தீர்ப்பும் (சர்வசன வாக்கெடுப்பு) வேண்டுமா என்று அது சொல்லும். பிறகு இரண்டாம் வாசிப்பு விவாதம், குழுநிலை, மூன்றாம் வாசிப்பு. கடைசியில் சபாநாயகர் சான்றுரைக் கையெழுத்து வைத்தால் சட்டம். மக்கள் தீர்ப்புக்குப் போனவற்றுக்கு மட்டும் ஜனாதிபதி சான்றுப்படுத்த வேண்டும்.

ஆகவே கவனிக்க வேண்டிய காலம் வர்த்தமானிக்கும் விவாதத்துக்கும் இடையில் உள்ள அந்தக் கொஞ்ச நாள். பேப்பரில் தலைப்புச் செய்தியாக வரும்போது பெரும்பாலும் அது கடந்துவிட்டிருக்கும்.

தமிழிலை பேசினால் ஆருக்கு விளங்கும்?

உடனுக்குடன் மொழிபெயர்ப்பு இருக்கிறது. காதில் ஹெட்போனை மாட்டினால் கேட்கலாம். தமிழில் பேசியது, சபையில் பேசுவதைப் பதியும் ஹன்சாட் அறிக்கையில் தமிழிலேயே அச்சாகும். எங்கள் பிரதிநிதி சபையில் என்ன சொன்னார் என்பதை இன்னொருவர் வாயால் கேட்கத் தேவையில்லை. ஹன்சாட் பாராளுமன்ற இணையத்தளத்தில் இருக்கிறது.

எம்.பி. கட்சி மாறினால், இறந்தால், வராமல் விட்டால்?

இறந்தாலோ விலகினாலோ இடைத்தேர்தல் இல்லை. அதே பட்டியலில் விருப்பு வாக்கில் அடுத்து நிற்பவர் வருவார். கட்சியை விட்டு நீங்கினால் ஆசனம் பறிபோகலாம், ஆனால் உயர் நீதிமன்றத்தில் முறையிட அவருக்கு உரிமை உண்டு. சபையின் அனுமதி இல்லாமல் தொடர்ந்து மூன்று மாதம் வராவிட்டாலும் ஆசனம் போகும். இரட்டைக் குடியுரிமை உள்ளவர் எம்.பி.யாக முடியாது.

எங்கட ஒழுங்கை ரோட்டு உடைஞ்சு கிடக்கு. எம்.பி.யிட்டைப் போகட்டோ?

முதலில் அது யாருடைய வீதி என்று பாருங்கள். ஏ9 போன்ற பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையுடையவை. நடுத்தர வீதிகள் மாகாணத்துடையவை. ஒழுங்கைகள் பெரும்பாலும் பிரதேச சபை அல்லது மாநகர, நகர சபையுடையவை. ஒழுங்கைக்கு உங்கள் வட்டார உறுப்பினர்தான் பொறுப்பு.

மாகாண வீதியென்றால் யாரிடம் போவது? வட மாகாண சபைக்கு 2013இல் தேர்தல் நடந்தது, 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்தது. அந்தக் கதிரைகள் வெறுமையான பிறகு ஆட்கள் எல்லாவற்றுக்கும் எம்.பி.யைத் தேடுகிறார்கள். அவரால் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் அந்தப் பிரச்சினையை எழுப்ப முடியும். அது கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) கூடும், திணைக்களத் தலைவர்கள் எல்லாரும் அங்கே இருப்பார்கள். பல வருடம் கோப்புக்குள் கிடந்த விடயம் அந்த மேசையில் பத்து நிமிடத்தில் அசைந்ததை ஊரில் கண்டிருக்கிறோம். கடிதத்தில் வீதியின் பெயர், நீளம், எந்தச் சபைக்கு உரியது, முன்பு யாருக்கு எழுதினீர்கள் என்று திகதியோடு போடுங்கள். அரச அலுவலகமொன்று உங்களுக்கு அநீதி செய்தால், எம்.பி. ஒருவர் மூலமாகப் பாராளுமன்றப் பொது மனுக் குழுவுக்கு மனுக் கொடுக்கவும் முடியும்.

எவ்வளவு காலம் இருப்பினம்?

ஐந்து வருடம். இரண்டரை வருடம் கடந்தபின் ஜனாதிபதி கலைக்கலாம்.

யாழ்ப்பாணம் ஒருக்கா தேர்தலையே வேண்டாம் எண்டதாமே?

உண்மை. 1931இல் இலங்கையில் ஆண், பெண் எல்லாருக்கும் வாக்குரிமை வந்தது. முழுச் சுயராச்சியம் வேண்டும் என்று நின்ற யாழ்ப்பாண இளைஞர் காங்கிரஸ், டொனமூர் அரசியலமைப்பின் கீழ் நடந்த முதல் தேர்தலைப் பகிஷ்கரிக்கச் சொன்னது. யாழ்ப்பாணம், காங்கேசன்துறை, ஊர்காவற்றுறை, பருத்தித்துறை ஆகிய நான்கு தொகுதிகளுக்கும் ஒரு வேட்புமனுக் கூட வரவில்லை. 1934இல்தான் அந்த ஆசனங்கள் நிரம்பின. அந்த இளைஞர்களின் கொள்கையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த மூன்று வருடமும் அக்காலச் சட்டசபையான அரசாங்க சபையில் எங்கள் நான்கு கதிரைகள் வெறுமையாக இருந்தன என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்கிறேன்.

கனடாவிலை இருக்கிற மகன் அங்கையிருந்து வாக்குப் போடலாமோ?

2024 வரை அதற்கு வழி இருக்கவில்லை. இலங்கைப் பிரசையாக இருந்து, இடாப்பில் பெயரும் இருந்தால், தேர்தல் நாளன்று இங்கே வந்து போடலாம். தபால் மூல வாக்கு அரச ஊழியர்கள் போன்ற தகுதி பெற்றவர்களுக்குத்தான்.

என்ரை பெயர் இருக்கோ எண்டு எப்படிப் பாக்கிறது?

இடாப்பு திருத்தப்படும் காலத்தில் கிராம அலுவலர் அலுவலகத்திலும் பிரதேச செயலகத்திலும் பட்டியலைக் காட்சிக்கு வைப்பார்கள். தேர்தல் ஆணைக்குழுவின் இணையத்தளத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்தும் பார்க்கலாம். வீட்டில் 18 வயதாகும் பிள்ளை இருந்தால் கிராம அலுவலர் படிவம் கொண்டுவரும்போது அந்தப் பெயரையும் சேர்த்து எழுதுங்கள். பெயர் விடுபட்டால் உரிமைக் கோரிக்கை கொடுக்கக் காலம் உண்டு, அது முடிந்த பிறகு கச்சேரிக்கு ஓடிப் பயனில்லை. வாக்காளர் அட்டை தபாலில் வராவிட்டாலும், இடாப்பில் பெயர் இருந்து கையில் அடையாள அட்டையும் இருந்தால் வாக்களிக்கலாம். அடையாள அட்டை தொலைந்தவர்கள் தேர்தலுக்கு முன்பே கிராம அலுவலரிடம் போய்த் தற்காலிக அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். படம் இரண்டு கொண்டு போங்கள்.